முப்பத்தியொரு சதவீதம்

தம்பி, தப்பா நினைச்சுக்கிடாதீக. அடுத்தவுக போனை எட்டிப் பாக்குற பழக்கம் எனக்குக் கிடையாது. பக்கத்து சீட்டு, கையில வச்சிருக்கீக, கண்ணுல பட்டுருச்சு, அம்புட்டுதான். பச்சை வட்டம், நடுவுல நம்பர். பேட்டரியைக் கவனிச்சுச் சொல்ற ஆப்புதானே அது? கோவில்பட்டியில பஸ் ஏறும்போது நாப்பத்தெட்டு இருந்துச்சு. இப்ப நாப்பத்தஞ்சு. நடுவுல ஆறு தடவை எடுத்துப் பாத்துட்டீக.

ஒண்ணு கேக்கணும். அந்த ஆப்பே சார்ஜைத் தின்னுருமா, தின்னாதா? நீங்க என்ன நினைக்கிறீக?

சிரிக்காதீக. பாக்குறவுககிட்ட எல்லாம் இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஆளுக்கு ஒண்ணு சொல்றாக. எனக்குப் பதில் தெரியும். தெரிஞ்சும் கேக்குறேன். யாராவது வேற மாதிரி சொல்ல மாட்டாகளான்னு ஒரு இது.

திருநெல்வேலிதானே நீங்களும்? அப்ப சொல்றேன், கேளுங்க. தூக்கம் வந்தா தூங்குங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

என் பேரு பொன்னுலிங்கம். கரண்ட் ஆபீஸ்ல முப்பத்திமூணு வருஷம். சப்ஸ்டேஷன் ஆப்பரேட்டர். என்ன வேலைன்னா, மணிக்கொரு தடவை போர்டு முன்னால நின்னு ரீடிங் எடுக்கணும். வோல்டேஜ் எவ்வளவு, ஆம்பியர் எவ்வளவு, டிரான்ஸ்பார்மர் ஆயில் சூடு எவ்வளவு. லாக் புக்குல எழுதணும். முப்பத்திமூணு வருஷத்துல ஒரு மணி நேரம் விட்டுப்போனது கிடையாது. ஏஇ, அதான் இன்ஜினியருக, மாறி மாறி வருவாக, எல்லாருமே சொல்லுவாக, பொன்னுலிங்கம் ரீடிங்குன்னா கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடலாம்னு.

ஒரே பொண்ணு. மாரீஸ்வரி. ஈஸ்வரின்னு கூப்பிடுவோம். கூட்டுறவு சங்க ஆபீஸ்ல வேலை. ஸ்கூட்டியில போயிட்டு வரும். போன வருஷம் ஆடி மாசம், இருபத்தேழு வயசு. ரோட்டுல மணல் கொட்டிக் கிடந்திருக்கு. வண்டி சறுக்கிருச்சு. ஹெல்மெட் போட்டிருந்துச்சு தம்பி. எல்லாம் ஒழுங்காத்தான் பண்ணும் அந்தப் பிள்ளை. உள்ளுக்குள்ள அடி. ரெண்டு நாள் இருந்துச்சு ஆஸ்பத்திரியில. பேசல.

அந்த இடம் இந்த ரோட்டுலதான் வரும். வரும்போது நான் சொல்ல மாட்டேன். நீங்களும் கேக்காதீக.

போன் ஈஸ்வரி இடுப்புப் பையில இருந்திருக்கு. போலீஸ்காரர் கையில குடுத்தாரு. மூலையில நசுங்கி, கண்ணாடி கீறி, ஆனா உயிரோட இருந்துச்சு. பாஸ்வேர்டு கிடையாது, வீட்ல யாருக்கிட்டயும் அது எதையும் பூட்டி வச்சதில்ல. ஆன் பண்ற பட்டன் மட்டும் உள்ள போயிருச்சு. திரையில ரெண்டு தட்டு தட்டினா முழிக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரெஜினான்னு ஒரு பிள்ளை மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கு, கெட்டிக்காரி. அதுகிட்டக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "சார், போர்டுல அடி பட்டிருக்கு. இப்ப ஓடுது. ஆஃப் ஆச்சுன்னா திரும்ப ஆன் ஆகும்னு நான் சொல்ல மாட்டேன்"னு சொல்லிருச்சு.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இது ஆஃப் ஆகக் கூடாது.

உள்ள என்ன இருக்குன்னு கேக்குறீக. ஈஸ்வரி குரல் இருக்கு. பார்வையில்லாத பிள்ளைக படிக்கிற ஸ்கூல் ஒண்ணு இருக்கு, அந்தப் பிள்ளைகளுக்காகப் பாடப் புஸ்தகத்தை வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்பும். சம்பளம் கிம்பளம் கிடையாது, அதுவா விரும்பிச் செஞ்சது. ஆபீஸ் விட்டு வந்து காபி குடிச்சிட்டு உள் ரூமுக்குப் போயிரும். ஃபேனை நிறுத்திரும், சத்தம் வரக் கூடாதுல்ல. ஊறுகாய் பாட்டில்ல போனைச் சாச்சு வச்சு வாசிக்கும். வேர்த்து ஊத்த ஊத்த வாசிக்கும். நூத்திச் சொச்சம் ரெக்கார்டு இருந்துச்சு அந்த போன்ல.

ஒரு நோட்டுப் போட்டேன். மணிக்கொரு ரீடிங். காலையில ஆறு மணி, எண்பத்தெட்டு. ஏழு மணி, எண்பத்தாறு. இருபதுக்குக் கீழ போக விடுறதில்ல. அப்புறம் அதுவும் பயமா இருந்துச்சு, அம்பதுக்குக் கீழ விடுறதில்லன்னு ஆக்கினேன். அப்புறம் ஒயரைக் கழட்டுறதே இல்ல. வெளியூர் கல்யாணம் காட்சி எதுக்கும் போறதில்ல. கேதத்துக்குப் போனாலும் மாலையைப் போட்டுட்டு உடனே திரும்பிருவேன். எங்க வீட்ல, செண்பகவல்லின்னு பேரு, செம்பகம்னு கூப்பிடுவேன், அவ பாட்டுக்கு இருப்பா. சமைப்பா, வைப்பா, அந்தப் பக்கம் போயி உக்காந்துக்குவா.

முப்பதாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் வந்து நின்னா. "ஏங்க, ஒரே ஒரு தடவை போடுங்களேன். குரல் கேக்கணும் போல இருக்கு"ன்னா.

பாத்தேன். அறுபத்திரெண்டு இருந்துச்சு. "இரு, நூறு ஆகட்டும்"னேன்.

சமையக்கட்டுலயே உக்காந்திருந்தா. நூறு ஆச்சு. வந்தா. எனக்கு மனசு வரல தம்பி. இப்பத்தான் கஷ்டப்பட்டு ஏறியிருக்கு, திரையைப் போட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, எதுக்கு அதை இறக்கணும்? "இன்னொரு நாள் கேப்போம், எங்க போயிரப் போகுது"ன்னேன்.

சரின்னு போயிட்டா. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. ஒரு தடவை கூடக் கேக்கல. எனக்கு அதுதான் உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்துச்சு. பெத்தவ, கேக்காம எப்படி இருக்க முடியும்? போகப் போக, சாயந்திரமானா மொட்டை மாடிக்குப் போயிருவா, துணி எடுக்கேன்னு. நாலு துணி எடுக்க ஒரு மணி நேரம். இறங்கி வரும்போது முகம் கழுவின மாதிரி தெளிஞ்சு இருக்கும். எனக்கு எரிச்சலா வரும். நான் இங்க ராவும் பகலும் காவல் காக்குறேன், இவ தெளிஞ்சிட்டாளேன்னு.

நானும் கேக்கல, அதையும் சொல்லிடறேன். ஒரு ரெக்கார்டு கூட. கேட்டா இறங்குமில்ல.

புரட்டாசியில ஒரு நாள் பென்ஷன் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்துச்சு. வருசா வருசம் போயி, நான் உயிரோட இருக்கேன்னு முகத்தைக் காட்டிக் கையெழுத்துப் போடணும். போனை வீட்லயே ஒயர்ல மாட்டி வச்சிட்டுப் போனேன். போகும்போது எண்பத்தொண்ணு. திரும்பி வந்து பாக்குறேன், எழுபத்திரெண்டு. ஒயர்ல இருக்கிற போன் ஒன்பது எப்படி இறங்கும்? செம்பகத்தைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும், கரண்ட் போயிருக்கும்"னா. கரண்ட் போகல. எனக்குத் தெரியாதா? சப்ஸ்டேஷனுக்கு போன் போட்டு ஆப்பரேட்டரையே கேட்டுட்டேன்.

அன்னைக்குத்தான் அந்த ஆப்பைப் போட்டேன். என்ன தின்னுதுன்னு கண்டுபிடிக்கணும்ல. போட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம், உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? போனுக்குள்ள ஒரு சின்ன சப்ஸ்டேஷன் போர்டு வந்த மாதிரி இருந்துச்சு. வோல்டேஜ் இருக்கு, ஆம்பியர் இருக்கு, சூடு எத்தனை டிகிரின்னு இருக்கு. நொடிக்கு நொடி மாறுது. ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷமா மறந்திருந்த தொழில் கைக்கு வந்துருச்சு. நோட்டுல அஞ்சு கட்டம் போட்டு எழுத ஆரம்பிச்சேன். ரெண்டு தட்டு, திரை முழிக்கும், எழுதுவேன். ஒரு மணிக்கு ஒரு தடவைன்னு இருந்தது அரை மணி ஆச்சு. கால் மணி ஆச்சு.

ஆனா இறங்குறது கூடிருச்சு. முன்னைக்கு இப்ப வேகமா இறங்குது. சரி, இந்த ஆப்பு சரியில்ல போலன்னு இன்னொண்ணு போட்டேன். அது சூடு ஏறினா கத்தும். அப்புறம் மூணாவது ஒண்ணு, அது மத்த ரெண்டும் எவ்வளவு தின்னுதுன்னு சொல்லும்னு போட்டிருந்தாக. மூணும் ஓடுது. இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும்னு மூணும் மூணு கணக்குச் சொல்லுது. ஒண்ணு ஏழுங்குது, ஒண்ணு ஒன்பதுங்குது. சார்ஜரை மாத்தினேன், ஒயரை மாத்தினேன், பிளக் பாயிண்டை மாத்தினேன். ஒண்ணும் கதையாகல. போனோட முதுகு லேசா உப்பின மாதிரி தெரிஞ்சுச்சு.

கார்த்திகையில ரெஜினாகிட்டத் தூக்கிட்டுப் போனேன். பவர் பேங்கை மாட்டிக்கிட்டு, துண்டுல சுத்தி, ஆட்டோவுல. அது பாத்துட்டுச் சத்தம் போட்டுச்சு. "என்ன சார் இது, இத்தனை ஆப்பு?"

"இதுதான் சார்ஜைத் திங்குதா?"ன்னேன்.

"ஆப்பு தனியாத் தின்னாது சார். பேட்டரிக் கணக்கு எல்லாம் போன் தானாவே வச்சிருக்கு. ஆப்பு அதைச் சும்மா எட்டிப் பாத்துட்டுப் போனா ஒண்ணும் ஆகாது, இருக்கிறதே தெரியாது. ஆனா நீங்க மூணு ஆப்பை நிப்பாட்டாம ஓட விட்டிருக்கீங்க. நொடிக்கு ஒரு தடவை எழுப்பி எழுப்பிக் கேக்குது. அதுல விளம்பரம் வேற வருது. போனைத் தூங்கவே விடலை"ன்னுச்சு.

"அப்ப ஆப்புதானே?"ன்னேன்.

போனைக் கீழ வச்சுச்சு. "சார், ஒரு நாளைக்கு எத்தனை தடவை திரையைப் போட்டுப் பாக்குறீங்க?"

நோட்டைக் காட்டினேன். பெருமையாத்தான் காட்டினேன். பக்கம் பக்கமாப் புரட்டிப் பாத்துச்சு. "ஆப்பு தின்னது கொஞ்சம் சார். நீங்க பாத்துப் பாத்துத் தின்னதுதான் ஜாஸ்தி. அதோட எந்நேரமும் ஒயர்லயே வச்சு பேட்டரி உப்பிருச்சு. இது ஆபத்து. குடுங்க, உள்ள இருக்கிறதை எல்லாம் காப்பி எடுத்துத் தாரேன். கால் மணி நேரம். அதுக்கப்புறம் இது போனாப் போகட்டும்."

எனக்குக் கோவம் வந்துருச்சு. போனாப் போகட்டுமா? யாரு வீட்டுப் பொருளை யாரு போனாப் போகட்டும்ங்கிறது? காப்பி எடுக்கும்போது சூடேறி நின்னுட்டா யாரு பொறுப்பு? அது போர்டுல கை வைக்கிற வேலையே வேண்டாம்னு பிடுங்கிட்டு வந்துட்டேன். வாசல்ல நான் இறங்கும்போது, "சார், உங்க வீட்ல..."ன்னு என்னவோ சொல்ல வந்துச்சு. திரும்பிப் பாத்தேன். "ஒண்ணுமில்ல, பாத்துப் போங்க"ன்னுச்சு.

அந்த வாரமே நடந்துச்சு அடுத்தது. நான் குளிச்சிட்டு வாரேன், செம்பகம் கையில போன். திரை வெளிச்சமா இருக்கு. பிடுங்கிப் பாத்தேன். ரெண்டு ஆப்பை அழிச்சிருக்கா. மூணாவதை அழிக்கப் போறா.

"யாரைக் கேட்டு இதைத் தொட்ட?"

"பாவம்ங்க, அது மூச்சு வாங்குது. ரெஜினா சொல்லுச்சு, இதையெல்லாம் எடுத்துட்டா இன்னும் கொஞ்ச நாள் ஓடும்னு."

"நீ எதுக்கு ரெஜினாகிட்டப் போற? உனக்கு என்ன அக்கறை? நாலு மாசத்துல இன்னொரு தடவை குரல் கேக்கணும்னு தோணுச்சா உனக்கு? மாடியில போயி காத்து வாங்கத் தெரியுது. நீயெல்லாம் பெத்தவளா?"

சொல்லிட்டேன். வாயில இருந்து வந்துருச்சு. முப்பது வருஷக் குடித்தனத்துல நான் அவ மேல கை நீட்டினதில்ல, இதைக் கணக்குல சேத்தா என்னன்னு எனக்குத் தெரியல.

அவ அழல. அழுதிருந்தா சமாளிச்சிருப்பேன். ஒரு பையில நாலு சேலையை எடுத்து வச்சா. "நான் பாளையங்கோட்டையில என் தம்பி வீட்ல இருக்கேன். உங்களுக்கு என்னைப் பாக்கணும்னு தோணுச்சுன்னா வாங்க. போனைப் பாத்து முடிச்சிட்டு வாங்க"ன்னா. பஸ் ஏறிட்டா.

நான் போகல. எப்படிப் போறது, போனை யாரு பாக்குறது? அழிச்ச ஆப்பைத் திரும்பப் போட்டேன். திரும்ப மூணும் ஓடுச்சு.

தை மாசம் ஒரு புதன்கிழமை. மாசாந்திரப் பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்துவாகள்ல, காலையில ஒன்பதுல இருந்து. எனக்கு அது முன்னாலயே தெரியும், பவர் பேங்க் ரெண்டு நிறைச்சு வச்சிருந்தேன். பதினோரு மணி இருக்கும். திடீர்னு மூணு ஆப்பும் ஒண்ணாக் கத்த ஆரம்பிச்சிருச்சு. சூடு நாப்பத்தொன்பது டிகிரி. முதுகுப் பக்கம் பிளந்து ஒரு பக்கம் தூக்கி நிக்குது. ஒயரைக் கழட்டினேன். கழட்டினாச் சூடு இறங்கும், பவர் பேங்க்ல ஏறலைன்னாலும் சார்ஜ் முப்பத்தொண்ணு இருக்கு, நேரம் கிடக்குன்னு நினைச்சேன். ஈரத்துணியை விரிச்சு, அதுக்கு மேல தட்டு வச்சு, தட்டுல போனை வச்சு விசிறிக்கிட்டே இருந்தேன். காய்ச்சல் அடிக்கிற பிள்ளைக்கு விசிறுற மாதிரி. முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணு. இறங்கவே இல்ல.

அப்படியே கறுத்துப் போச்சு.

முப்பத்தொண்ணுல எப்படித் தம்பி சாகும்? ஜீரோ வந்து செத்தா எனக்குப் புரியும். அஞ்சு வந்தா பதறியிருப்பேன். முப்பத்தொண்ணுன்னு மூணு ஆப்பும் சொல்லுது. ரெஜினா புது பேட்டரி மாட்டி, ரெண்டு நாள் வச்சிருந்து என்னென்னமோ பண்ணிப் பாத்துச்சு. வரல. "வீணாப்போன பேட்டரி அப்படித்தான் சார், நம்பர் காட்டும், உள்ள இருக்காது"ன்னுச்சு.

செம்பகத்துக்கு போன் போட்டேன். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவளாவே, "நின்னுருச்சா?"ன்னா. "ம்"னேன். "சாப்பிட்டீகளா?"ன்னா. "இல்ல"ன்னேன். "கிளம்பி வாங்க"ன்னா.

அவ தம்பி வீட்டுக்குப் போயி உக்காந்தேன். சோறு போட்டா. கை கழுவிட்டு வந்ததும் அவளோட போனை எடுத்து, இயர்போன் ஒயரை மாட்டி, ஒண்ணை என் காதுல வச்சா, ஒண்ணை அவ காதுல வச்சா. ஒரு அமுக்கு அமுக்கினா.

"பாடம் மூன்று"ன்னு சொல்லுது ஈஸ்வரி.

நான் பென்ஷன் ஆபீசுக்குப் போனேன்ல, அன்னைக்கு ரெஜினா கடைக்கு எடுத்துட்டுப் போயி மொத்தத்தையும் காப்பி எடுத்துட்டா. அந்த ஒன்பது பர்சென்ட் அதுதான். அன்னைக்கு சாயந்திரத்துல இருந்து மாடிக்குப் போயிப் போயிக் கேட்டிருக்கா. நூத்தி எத்தனையோ ரெக்கார்டு, எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை. நான் கீழ நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"ன்னு கேட்டேன்.

"சொன்னா பிடுங்கியிருப்பீக. இல்லன்னா அதுக்கும் ஒரு நோட்டுப் போட்டிருப்பீக"ன்னா.

ஸ்கூல்ல கேட்டாலே குடுத்திருப்பாகளேன்னு அப்பத்தான் தோணுச்சு எனக்கு. அதைச் சொன்னேன். அவ இல்லன்னு தலையாட்டினா. "ஈஸ்வரி நடுவுல இருக்கிற சத்தத்தை எல்லாம் வெட்டிட்டுத்தான் அனுப்பும். ஸ்கூல்ல இருக்கிறதுல பாடம் மட்டும்தான் இருக்கு. இதுலதான் வீடு இருக்கு."

எனக்கு ஒரு காப்பி குடுன்னேன். மாட்டேன்னுட்டா. "பீரோவுல வச்சுப் பூட்டிருவீக. வாங்க, இங்க வந்து கேளுங்க." வீட்டுக்கும் வரல இன்னும். கூப்பிட்டா, பாக்கலாம்ங்கிறா. அதனாலதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இந்த பஸ். ஒரு வாரத்துக்கு ஒரு ரெக்கார்டு. அவ கணக்கு அது. ஒரு காது எனக்கு, ஒரு காது அவளுக்கு.

போன வாரம் பருவக்காற்றுப் பாடம். நல்லா வாசிச்சுக்கிட்டே வருது. குக்கர் விசில் சத்தம் ஒண்ணு வருது, அது செம்பகம். தெருவுல எவனோ ஹாரன் அடிக்கான். திடீர்னு கதவு திறக்குற சத்தம். ஒரு ஆம்பளக் குரல், "ஈஸ்வரி"ங்குது. யாருடா இதுன்னு பாக்குறேன், நான்தான். நம்ம குரல் நமக்குத் தெரியாது பாருங்க.

"அப்பா, ஒரே ஒரு பக்கம்தான். முடிச்சிட்டு வாரேன், இருங்க"ங்குது.

"சரி சரி, நீ பாரு"ங்கிறேன் நான். கதவு மூடுற சத்தம்.

அது உடனே வாசிக்க ஆரம்பிக்கல தம்பி. சும்மா இருக்கு. அது மூச்சு விடுறது கேக்குது. அப்புறம், கொஞ்சம் சத்தமா, "அப்பா? என்ன விஷயம்பா?"ங்குது.

பதில் இல்ல. நான் போயிட்டேன் போல. அது கொஞ்சம் பொறுத்துப் பாத்துட்டு, தொண்டையைச் செருமிக்கிட்டு, விட்ட இடத்துல இருந்து வாசிக்குது.

என்ன கேக்கப் போனேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. ஒரு வாரமா யோசிக்கிறேன். என்னைக்குன்னே தெரியல. ரிமோட்டைத் தேடியிருப்பேனா, மாத்திரை கேட்டிருப்பேனா, சும்மா போயி நின்னேனா? செம்பகம் அந்த இடத்தைத் திரும்பப் போட்டா. இன்னொரு தடவை போட்டா. மூணாவது தடவை அது "அப்பா?"ன்னு கூப்பிட்டதும் எனக்குத் தெரியாமலே வாயில வந்துருச்சு. "இங்கதாம்மா இருக்கேன்"னேன். சத்தமா. காதுல மாட்டியிருந்தேன்ல, எவ்வளவு சத்தம்னு தெரியல. மச்சினன் பொண்டாட்டி அடுப்படியில இருந்து கரண்டியோட ஓடி வந்துருச்சு, என்னமோ ஏதோன்னு.

செம்பகம் ஒண்ணுமில்லன்னு அதுக்குக் கையைக் காட்டினா. காட்டிட்டு, திரும்பவும் போட்டா.